நானே போய் விசாரித்த கல்லூரி

எங்கள் குடும்பத்தில் பெண் கொடுப்பதற்கு முன்னால் ஒரு விசாரிப்பு உண்டு. மாப்பிள்ளை வீட்டார் சொல்வதை யாரும் அப்படியே நம்பிவிட மாட்டார்கள். பெரியப்பா அந்த ஊருக்கே போய், அவர்கள் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து, வருவோர் போவோரிடம் பேச்சுக் கொடுத்து, பையன் குடிப்பானா, கோபக்காரனா என்று எல்லாவற்றையும் கறந்துவிடுவார். அக்காவுக்கு வந்த முதல் வரனைத் திசையன்விளை டீக்கடையிலேயே வேண்டாம் என்று முடிவுகட்டிவிட்டு வந்தவர் அவர். இன்றும் அதைச் சொல்லிப் பெருமைப்படுவார்.

பிளஸ் டூ முடித்து நான் வேதியியல் படிக்க வேண்டும் என்றதும், அதே பெரியப்பா ஒரு கல்லூரியைச் சொன்னார்.

"விசாரிச்சாச்சுட்டி. நல்ல காலேஜ்."

"என்ன விசாரிச்சிய?"

"காலேஜ் பஸ்ஸு நம்ம கல்லிடைக்குறிச்சிக்கே வருது. சுத்திக் காம்பவுண்டுச் சுவரு இருக்கு. செல்போன் கொண்டுபோகக் கூடாது. வேற என்ன வேணும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேதியியலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. சிறையைக்கூட இப்படித்தான் விசாரிப்பார்களாக இருக்கும். அப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். தன் அண்ணன் சொல்லிவிட்டால் அவருக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

அந்தக் கல்லூரியின் இணையதளத்தைப் பார்த்தேன். ஆய்வகம் என்று ஏழெட்டுப் படங்கள். எல்லாவற்றிலும் அதே மூன்று பெண்கள் அதே கண்ணாடிக் குடுவையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சரி, நேரில் போய்விடுவோம் என்று முடிவு செய்தேன். கோவிலுக்குப் போவதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றாள் அம்மா. நான் என்ன திருடவா போகிறேன்? அப்பாவிடம் சொல்லிவிட்டே கிளம்பினேன். அவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அம்மாவும் கூட வந்தாள்.

கல்லூரி அலுவலகத்தில் ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். பொறுப்பாளர் லீவு என்றார்கள். நாங்களே தேடிப் போனோம். கதவில் ஒரு பூட்டு, துருப்பிடித்து. வெளியே வந்து எதிர்க்கடையில் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்டேன்.

"லேப்பா? யாராவது பார்வையிட வந்தா தொறப்பாவ," என்று ஒருத்தி சிரித்தாள். "நாங்க சீனியர் ரெக்கார்டப் பாத்து எழுதிருவோம்."

அங்கிருந்து பாளையங்கோட்டையில் இன்னொரு கல்லூரிக்குப் போனோம். பழைய கட்டடம். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். ஆனால் வராந்தாவில் ஏறியதுமே அமில நெடி மூக்கில் ஏறியது. ஆய்வகத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் துப்பட்டாவில் சின்னச் சின்ன ஓட்டைகள். என்ன இது என்று கேட்டேன். "ஆசிட்டு பட்டுது," என்றாள் அலட்சியமாக. எனக்கு அந்தத் துப்பட்டாவின் மேல் பொறாமையாக இருந்தது. சேர்ந்தால் இங்கேதான்.

மறுநாள் பெரியப்பாவுக்குச் செய்தி போய்விட்டது. வந்து உட்காரும் முன்பே குதித்தார்.

"பொட்டப்பிள்ள கடை வாசல்ல நின்னு விசாரிக்கதா? நான் சொன்னா பத்தாதா?"

"அக்காவுக்கு நீங்க டீக்கடையில உக்காந்து விசாரிச்சிய. அதே விசாரிப்புதான். நீங்க சுவரப் பாத்தீய, நான் பூட்டப் பாத்தேன்."

"ரெண்டு பஸ்ஸு மாறிப் போவியோ?"

"நாலு மாறுனாலும் போவேன். பூட்டிக் கெடக்க லேப்புல நான் என்னத்தப் படிக்க?"

அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "நீயும் இதுக்குத் துணையா?"

அம்மா அவர் எதிரில் நிமிர்ந்து பேசி நான் பார்த்ததே இல்லை. காபி டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு, பையச் சொன்னாள்.

"என்னைய இங்கன குடுக்கும்போது யாரும் வந்து விசாரிக்கல அத்தான். இவ விசாரிக்கட்டும்."

பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பாவின் முகம் மெல்ல வெளியே வந்தது. பெரியப்பா காபியைத் தொடவில்லை.

நான் பாளையங்கோட்டைக் கல்லூரிக்கு மட்டுமே விண்ணப்பித்தேன். இப்போது என் துப்பட்டாவிலும் ஓட்டைகள் இருக்கின்றன. பெரியப்பா வருகிற நாளில் அதைத்தான் போட்டுக்கொள்கிறேன்.