சம்பந்தி சொன்ன சாட்சி

என் அக்காவின் மாமனார் செஞ்சிக்கு வந்தது, மகனைப் புதைத்த பிறகு. அதற்கு முன் அவர் கடலை விட்டு இவ்வளவு தூரம் உள்ளே வந்ததில்லை.

அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனபோது, கூட வேலை பார்த்த ராமநாதபுரத்துக் கடற்கரை மீனவர் மகனை விரும்பினாள். செஞ்சிக்குப் பக்கத்து வல்லத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிரிட்டு வந்த எங்கள் நைனா ஒத்துக்கொள்ளவே இல்லை. "தரையில நடக்கறவனுக்குக் குடுத்தாலே ஆயிரம் கஷ்டம். தண்ணியில போறவன எத நம்பி அனுப்பறது?" என்றார். அக்கா சாப்பிடாமல் கிடந்ததும் இறங்கி வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு மாமா கம்பெனியை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பி, வேறொருவரின் விசைப்படகில் கூலிக்குப் போனார்.

அந்தப் படகைத்தான் எல்லைக்கு அருகே எதிர்க்கரை ரோந்துக் கப்பல் மோதியது. மற்றவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். மாமாவைப் பெட்டியில் அனுப்பினார்கள். கரையில் நாங்கள் காத்திருந்தோம். திறக்க வேண்டாம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அக்கா திறந்தாள். பார்த்துவிட்டு அவளே மூடினாள். அன்றைக்கு அவள் அழவில்லை.

செஞ்சியில் என் வீட்டுக்கு வந்த பிறகும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவளை அழவிடவில்லை. ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி கேட்டாள்: "எல்லையத் தாண்டிப் போனாராமே? தாண்டுனா சும்மா உடுவானா?" அக்கா பையை என்னிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டாள். அதற்கப்புறம் ரேஷனுக்கு நான்தான் போனேன்.

மாமனாருக்கு வேறு பிள்ளை இல்லை. மனைவியும் எப்போதோ போய்விட்டார். தனியாக விட மனமில்லாமல் அக்காதான் அவரை அழைத்து வந்தாள். முன்னறையில் நான் ஜாக்கெட் தைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருப்பார். ராஜகிரி மலை கண்ணெதிரே நிற்கும். "என்ன ஊரு தாயி இது, பாறை வெக்கையைக் கக்குது. காத்து எங்கிட்டிருந்து வருதுன்னே தெரியல" என்பார். ஒருமுறை மீன் மார்க்கெட்டுக்குப் போய், ஐஸில் கிடந்த மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் திரும்பினார்.

ஒரு கோடையில் சென்னையிலிருந்து ஒரு பெண் வக்கீலும் கேமராக்காரர் ஒருவரும் வந்தார்கள். அந்தக் கடலில் நம் மீனவர்கள் பரம்பரையாகத் தொழில் செய்தார்கள் என்று நிரூபிக்கக் கிழவர்களின் பேச்சைப் பதிவு செய்வதாகச் சொன்னார்கள். மாமாவின் சாவுக்கு நியாயம் கேட்டு நாங்கள் போட்டிருந்த வழக்குக்கும் அந்தச் சாட்சியம் உதவும் என்றார் வக்கீல். அக்கா ஓடிப்போய் அவருக்கு வெளுத்த சட்டை எடுத்து வந்தாள்.

நான் மெஷினை நிறுத்தினேன். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. நடுக்கடல் தீவில் வலை காயப்போட்டதைச் சொன்னார். அங்கே கோயில் திருவிழாவில் இரண்டு கரைச் சனமும் ஒரே அடுப்பில் பொங்கித் தின்றதைச் சொன்னார். சின்னாத்தா என்று அவர் கூப்பிடும் சித்தியை அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தார்களாம். அவர் அப்பா இங்கிருந்து படகிலேயே சீர் கொண்டுபோனாராம். "அப்பக் கோடு இல்ல தாயி. பெறகு ஒரு அதிகாரி வந்து இதுக்கு அங்கிட்டுப் போகாதேன்னாரு. கோடு எங்கய்யா இருக்குன்னோம். காகிதத்தைக் காட்டுனாரு."

வக்கீல் மகிழ்ச்சியோடு தலையாட்டினார். எழப்போகும் நேரத்தில் கிழவர் கையை உயர்த்தினார்.

"இன்னொண்ணும் சொல்லணும். எம்மகன் போன படகு இழுவைமடிப் படகு. மடிய இழுத்துக் கடலை அடியோட வாரிக்கிட்டு வரும். அக்கரைக்காரன் விரிச்சு வச்ச வலையும் அதுல சிக்கும். அறுத்துப் போட்டுட்டு வந்தோமுன்னு எம்மகனே சொல்லியிருக்கான். அது எங்க சின்னாத்தா பேரன்மாரு வலை. அவுகளும் கஞ்சி குடிக்கணும்ல?"

வக்கீல் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, இதை மட்டும் விட்டுடலாம். எதிர்த்தரப்பு இதையே பிடிச்சுப்பாங்க."

"விட்டா எல்லாத்தையும் விடு. எங்க கடல்னு சொன்னேன்ல, அது அவுகளுக்கும் சேத்துத்தான் சொன்னேன். பாதியைச் சொன்னா அது பொய் சாட்சி."

அதுவரை கதவோரம் நின்றிருந்த அக்கா உள்ளே வந்தாள். "இத சொன்னா இன்னா ஆவும் தெரியுதா மாமா? அவரு செத்தது ஞாயம்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும். உன் புள்ளய நீயே குத்தவாளியாக்கறியா?"

"கொன்னது அநியாயந்தேன். அதையும் சொல்றேன். ரெண்டையும் எழுதச் சொல்லு."

"ரெண்டையும் எவன் எழுதுவான்?" என்று கத்தினாள். பெட்டி வந்த நாளில் வராத அழுகை அப்போது வந்தது. கேமராக்காரர் கருவியை அணைத்துவிட்டார். கிழவர் விருப்பப்படியே பதிவு முழுவதையும் அழித்தார்கள்.

அன்று மாலை வல்லத்திலிருந்து வந்த நைனாவிடம் நடந்ததைச் சொன்னேன். பக்கத்து நிலத்துக்காரரோடு ஒரு வரப்புக்காக ஆயுள் முழுக்கக் கோர்ட்டுக்கு அலைந்தவர் அவர். கேட்டுவிட்டு இப்படிச் சொன்னார்: "சம்பந்தி சொன்னது ஞாயம்தான். ஆனா பொண்ணு மூஞ்சப் பாத்து அத எப்பிடிச் சொல்றது?"

அக்கா மாமனாருக்குத் தட்டு வைப்பதை நிறுத்தவில்லை, பேசுவதைத்தான் நிறுத்தினாள். அவர் கேட்டால் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வாள். மழைக்காலம் தொடங்குமுன் அவர் ஊருக்குக் கிளம்பினார். நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். "அவ கோவம் சரிதான் தாயி. அவளைத் திட்டாதீக" என்றார்.

அடுத்த தை பிறக்கும் முன்பே காலமாகிவிட்டார். அக்கா போய்ச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டு வந்தாள். அங்கே என்ன நடந்தது என்று நான் கேட்டதற்கு, "கூட்டம் நெறைய" என்றாள்.

வழக்கு இன்னும் தள்ளித்தள்ளிப் போகிறது. போன மாதம் அந்த வக்கீல் மறுபடி போன் செய்தார். மாமனார் சொன்னதில் நினைவிருப்பதை அக்காவே கேமரா முன் சொல்வாளா என்று கேட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டேன். அக்கா அடுப்பங்கரையிலிருந்து வெளியே வரவில்லை.

"எனக்குக் கடலப் பத்தி ஒண்ணும் தெரியாது மேடம். நாங்க இந்தப் பக்கத்து ஆளுங்க" என்று அங்கிருந்தே சொன்னாள்.