இடது கொம்பு

நம்பச் சொல்லிக் கெஞ்சப் போவதில்லை. இது என் கையில் நடந்தது. 1997. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், ஓர் அரிசிக் கிடங்கின் மாடியில் வாடகைக்கு இருந்து படம் வரைந்துகொண்டிருந்தேன். மாடு, ஆடு, உழவு, சந்தை. "செண்பகவல்லிக்கு மாட்ட விட்டா வேற ஒண்ணும் தெரியாது" என்று கூட வரைகிறவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். கண்டதைக் கண்டபடி வரைவேன். ஒரு மயிர் கூடாது, குறையாது.

அப்போது, கிடங்குக்கு மூட்டை இழுக்கும் ராஜையனின் காளையை ஆள் உயரத் துணியில் வரைந்துகொண்டிருந்தேன். அதைக் கிடங்கு வாசலில் நிறுத்திப் பார்த்துப் பதினோரு நாள் வேலை. அதன் இடது கொம்பு மட்டும் முன்னால் வளைந்து, ஊசி போல இருக்கும்.

திங்கட்கிழமை மாலை. சரியாக ஏழு மணிக்கு பவர்கட். அந்த நாட்களில் தினமும் அரை மணி நேரம் அப்படித்தான். ஏழரைக்கு விளக்கு வந்தபோது படத்தில் இடது கொம்பு இல்லை. துடைத்தெடுத்த மாதிரி... வெறும் வெள்ளை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

எலியா? எலி கொம்பை மட்டுமா தேடித் தின்னும்? திரும்ப வரைந்தேன்.

செவ்வாய். ஏழு பத்து. இருட்டில் கண்ணாடி வளையல் சத்தம். பிறகு ஈரத் துணி தேய்க்கிற சத்தம். சரக்... சரக்... காதோரம் ஒரு பெண் குரல், பெற்ற பிள்ளையிடம் பேசுகிற மாதிரி.

"கொம்பு வேண்டா மக்களே."

விளக்கு வந்தது. கொம்பு இல்லை.

அப்புறம்தான் கோபம் வந்தது. என் படத்தில் கை வைக்க இவள் யார்?

புதன். ஏழுக்கு முன்பே தூரிகை நிறையத் தவிட்டு நிறம் எடுத்து நின்றேன். விளக்கு போனது.

"உள்ளதைத்தான் வரைவேன். நீ யாரா இருந்தாலும் மாத்த மாட்டேன்!"

வளையல் சத்தம் இல்லை.

ஏழு பதினெட்டு. ரேடியம் வாட்சில் பார்த்தேன். கொம்பின் இடம் கைக்குப் பாடம். தூரிகையை வைத்து இழுத்தேன்.

துணி நெகிழவில்லை.

கடினமாக... உருண்டையாக... சூடாக இருந்தது.

முகத்தில் மூச்சு. வைக்கோல் வாடை.

கையை எடுக்கவில்லை. நுனி வரைக்கும் வரைந்தேன்.

அது தலையைச் சிலுப்பியது.

ஏழரை. விளக்கு. படத்தில் கொம்பு இல்லை. தூரிகையில் சாயமும் இல்லை.

மறுநாள் காலை ராஜையனின் மகள் ஷிஜா வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"சேச்சி, அப்பாவைக் காளை குத்திட்டு. நேத்து கரண்ட் போனப்போ. ஏழேகால் கழிஞ்சிருக்கும்."

"எந்தக் கொம்பு?"

"இடது. ஆஸ்பத்திரில கெடக்காரு. உயிருக்கு ஆபத்தில்ல. அந்தக் கொம்ப அறுத்து விடணும்னு அம்மை சாகுற வரைக்கும் சொன்னா. அப்பா கேக்கல்ல."

பழி என்மேல் போடுகிறவர்கள் போடட்டும். அந்தக் கொம்பை நானா முளைக்க வைத்தேன்? அன்றைக்கே மறுபடி வரைந்தேன். யாரும் அழிக்கவில்லை. படம் இன்றும் என் சுவரில் இருக்கிறது.

ஆனால் ஷிஜா அன்று இன்னொன்றும் கேட்டாள். அவர்கள் தொழுவம் கரமனையில். என் மாடியிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். நான் அங்கே போனதே கிடையாது.

"சேச்சி, நேத்து எப்போ வந்து கொம்புல பெயிண்ட் அடிச்சீங்க? இன்னும் காயல்ல. அப்பா வயித்துப் புண்ணுலயும் அந்தத் தவிட்டு நிறந்தான்."