முப்பத்தைந்தாம் நிமிடம்

தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தேன். ஊசி குத்தினால் வலிக்காது, எழுதும் எண் பிசகாது என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது. அப்பேர்ப்பட்டவள்தான் என் அண்ணனுக்குத் துரோகம் செய்தேன்.

அண்ணன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் குடியிருந்தார். வத்திராயிருப்பில் கொஞ்சம் நிலம் வாங்கி ஒட்டு மாங்கன்று வைத்திருந்தார். தெரு நாய்க்குக்கூட கமாண்டு கொடுக்கிற மனுஷன், அந்தக் கன்றுகளிடம் மட்டும் மெதுவாகப் பேசுவார். அவை முதல் காய்ப்புக்கு வளர்ந்து நின்ற வருடம் அவருக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. மதுரையில் ஒரு சிறுநீரகத்தை எடுத்தார்கள். அதற்குள் புற்று நுரையீரலுக்குப் போயிருந்தது.

"இன்டர்ஃபெரான்னு ஒரு ஊசி இருக்கு. பத்துப் பேருக்குப் போட்டா ஒண்ணு ரெண்டு பேருக்குக் கேட்டாலே பெருசு" என்றார் மதுரை டாக்டர்.

"இவருக்குக் கேக்குமான்னு ரத்தத்துல பாத்துச் சொல்ல முடியாதா சார்?" என்று கேட்டேன்.

"அப்படி ஒரு டெஸ்ட் இன்னும் வரலைம்மா. இருக்கறத வச்சுக் குத்துமதிப்பாப் பாக்கணும். ரெண்டு மாசம் போடுவோம். எக்ஸ்ரே பாப்போம், ஈ.எஸ்.ஆர். பாப்போம். அந்த நம்பர் குறைஞ்சா தொடரலாம். ஏறினா நிப்பாட்டிருவோம்."

தை மாதம் ஊசி தொடங்கியது. மருந்தை லேப் ஃபிரிட்ஜில் வைத்திருந்து, ஐஸ் போட்ட பிளாஸ்கில் பஸ்ஸில் கொண்டு போய், வாரம் மூன்று நாள் நானே போட்டேன். போட்ட செத்த நேரத்தில் அண்ணனுக்குக் குளிர் எடுக்கும். பல் கிட்டும். பட்டாளத்துக் கம்பளியைப் போர்த்தி, மதினி மேலே படுத்துக்கொள்வார். மறுநாள் முழுக்க வாயில் ஒன்றும் வைக்க மாட்டார். தெளிவதற்குள் அடுத்த ஊசி வந்துவிடும்.

பங்குனியில் எக்ஸ்ரேயில் நிழல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இனி எல்லாம் ஈ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனையைப் பொறுத்து நின்றது. அண்ணன் லேபுக்கே வந்து கையை நீட்டினார்.

"கேக்கலைன்னா சொல்லிரு ஏட்டி. நான் தோப்புக்குப் போறேன். ஒரு கட்டில் போட்டுட்டுப் படுத்துக்கிடுதேன். காய் பழுக்கிற வரைக்கும் இருந்தாப் போதும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. அதற்குள் கட்டிலைப் பற்றி என்ன பேச்சு?

ஈ.எஸ்.ஆர். என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ரத்தத்தைக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஏற்றி நேராக நிறுத்த வேண்டும். சிவப்பு கீழே இறங்கும், மேலே மஞ்சள் நீர் நிற்கும். சரியாக ஒரு மணி நேரம் கழித்து எத்தனை கோடு இறங்கியிருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். வேகமாக இறங்கியிருந்தால் எண் பெரிதாக வரும், உடம்புக்குள் நோய் ஆடுகிறது என்று அர்த்தம். ஊசிக்கு முன்னால் அண்ணனுக்குத் தொண்ணூற்றெட்டு.

முப்பத்தைந்தாம் நிமிடம் போய்ப் பார்த்தேன். அறுபத்து நான்கில் நின்றது. இன்னும் இருபத்தைந்து நிமிடம் நின்றால் நூறைத் தாண்டும் என்று எனக்குத் தெரியும். வெளியே பெஞ்சில் அண்ணன் கம்பளியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் குழாயை எடுத்துக் கழுவிவிட்டேன். சீட்டில் அறுபத்து நான்கு என்று எழுதினேன். பொய் எண் எழுதவில்லை, கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன் என்று மனதுக்குள் வக்கீல் மாதிரி வாதாடினேன்.

"நல்லா குறைஞ்சிருக்கே" என்றார் டாக்டர். இன்னும் இரண்டு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மூன்று தடவை அப்படியே செய்தேன். கை கூசவில்லை. உள்ளுக்குள் எனக்கே அந்தச் சீட்டில் நம்பிக்கை வந்துவிட்டது, அதுதான் கேவலம்.

சித்திரை வெயிலில் ஊரே விசிறிக்கொண்டிருக்க, அண்ணன் கம்பளிக்குள் நடுங்கினார். தோப்பில் காய் திரண்டதாக ஆள் வந்து சொன்னார். "இந்த ஊசி முடியட்டும், பொறவு போவோம்" என்றேன். பழுத்ததும் மதினி நாலு பழம் கொண்டுவந்து, ஒன்றை அறுத்து வாயருகே நீட்டினார். வாசனை பட்டதும் அவருக்குக் குமட்டியது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வைகாசிக் கடைசியில் எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்க வெள்ளை வெள்ளையாக இருந்தது. டாக்டர் என் சீட்டுகளை வரிசையாக வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "ரத்தம் நல்லாத்தானே சொல்லிச்சு" என்றார். தன் கணக்கு எங்கே தப்பியது என்று அவர் யோசித்தது முகத்தில் தெரிந்தது. நான் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஊசி நின்றது. தோப்பு வரைக்கும் போக இப்போது அண்ணனுக்கு மூச்சு இல்லை. வீட்டில் தலையணையை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்திருந்தோம். ஒரு மத்தியானம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"வருத்தப்படாத ஏட்டி. நீ பாத்துச் சொன்னதுனாலதான் நம்பிப் போட்டேன். வேற எவன் சொல்லியிருந்தாலும் அன்னைக்கே தோப்புக்குப் போயிருப்பேன்."

என்னைத் தேற்றுவதற்காகத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

அதற்குப் பின் பதினோரு நாள் இருந்தார். கடைசி இரண்டு நாள் தவிர நல்ல நினைவு இருந்தது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டேன். அந்த முப்பத்தைந்தாம் நிமிடத்தைப் பற்றி மட்டும் அவரிடம் சொல்லவில்லை.