பனித்தீவின் தலைமடை

என் கணவரும் அவருடைய அண்ணனும் பாகம் பிரிக்க உட்கார்ந்தபோதே, அடுப்படிக்குக் குறுக்கே சுவர் வைக்கச் செங்கல் வந்து இறங்கிவிட்டது. தாயில்லாமல் அந்த வீட்டுக்கு வந்தவள் நான். அண்ணன் மனைவியை அக்கா என்று கூப்பிட்டு, அவள் போட்ட சோற்றில்தான் தேறினேன். சுவர் வந்தால் அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

வயல், மாடு, அண்டா குண்டா எல்லாம் பிரிந்து, கூடத்தில் ஒரு படம் மிஞ்சியது. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் பாளையங்கோட்டையில் சாமான்களை ஏலம் விட்டபோது, தேக்குச் சட்டத்துக்கு ஆசைப்பட்டு மாமனார் வாங்கியது. கப்பல்காரர்கள் எந்தக் காலத்திலோ வரைந்த கடல் படம். நடுவில், வடதுருவத்துப் பக்கம் ஒரு தீவு. அங்கே மனிதர் கிடையாது, பனியும் திமிங்கிலமும்தான் என்று ஒரு வாத்தியார் படித்துச் சொல்லியிருந்தார். ஆனாலும் அப்பா சொத்தாயிற்றே! விட்டுக்கொடுக்கவும் மனமில்லை, கிழிக்கவும் மனமில்லை.

மத்தியஸ்தம் பண்ண வந்த பெரியவர், படம் பொதுவில் தொங்கட்டும், தீவை மட்டும் ஆளுக்குப் பாதியாகப் பத்திரத்தில் எழுதுவோம் என்றார். அண்ணன் பங்கு வைக்க, தம்பி எடுக்க வேண்டும், அதுதான் வழக்கம். அண்ணன் படத்தின் மேல் நூல் பிடித்தார். இவர் நங்கூரம் வரைந்திருந்த பக்கத்தை எடுத்தார். ஆற்றில் இடுப்பளவுக்கு மேல் இறங்காத மனிதர்; அவருக்குத் துறைமுகம் ஒன்றுதான் குறைச்சல்.

கையெழுத்துதான் பாக்கி. அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா பைய வாய் திறந்தாள்.

"அண்ணாச்சி, அதுல ஒரு ஆறு ஓடுதாம்லா. தலமடை யாருக்கு, கடமடை யாருக்கு? அதையும் இப்பவே பேசிருங்க."

தாமிரபரணித் தண்ணீரில் பயிர் வைக்கிறவர்களிடம் கேட்கிற கேள்வியா அது? தலைமடைக்காரன் விட்டால்தான் கடைமடைக்குத் தண்ணீர். படத்தில் ஆறு பிறப்பது அண்ணன் பங்கில், கடலில் விழுவது தம்பி பங்கில். பேச்சு முறிந்தது. பத்திரம் முடியாமல் சுவர் எழும்பக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பெரியவர் எழுந்து போனார்.

அடுத்த கூட்டத்தில், மாதம் மாற்றி மாதம் முறைத்தண்ணீர் என்று ஒத்துக்கொண்டார்கள். பெரியவர் பேனாவை எடுத்தார். அக்கா என்னைப் பார்த்தாள். ஆண்கள் கூடிய இடத்தில் அதுவரை நான் பேசியதே இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டேன்.

"ஆறு உறைஞ்சு கெடக்க மாசம் யாரு முறைல சேரும்?"

பெரியவர் பேனாவை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். பிறகு எங்கள் தெருப்பக்கமே அவர் வரவில்லை. அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, உறைந்த தண்ணீருக்காகத் தினமும் மல்லுக்கட்டினார்கள். நாங்கள் ஒரே அடுப்பில் பொங்கிப் பரிமாறினோம்.

செங்கல் கொல்லையில் கிடந்து பாசி பிடித்தது. மறு வருஷம் எனக்கு வலி கண்டபோது, அதில் மூன்று கல்லைத் தூக்கிவந்து, அக்கா வெந்நீருக்கு அடுப்புக் கூட்டினாள்.