பதினாலு மாதக் கறுப்பு

மிர்லாந்த் கறுப்பு உடுத்துப் பதினாலு மாதமாகியும் ஏனென்று கேட்க அந்த அலுவலகத்தில் ஒரு சீவன் இருக்கவில்லை. கறுப்புக் காற்சட்டை, கறுப்புச் சட்டை, குளிருக்குக் கறுப்புக் கோட்டு. காதிலே ஒரு தோடுகூட இல்லை. நாற்பது பேர் வேலைசெய்கிற மாடி அது. அத்தனை பேரும் அவளுடைய மேசையைத் தாண்டித்தான் கோப்பி எடுக்கப் போகவேண்டும். போகிறபோது ஒருத்தர் நின்று, "உனக்கு என்ன நடந்தது?" என்று கேட்டிருந்தால் வாய் தேய்ந்தா போயிருக்கும்?

அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. மொன்றியலில் அலுவலகம் போகிற பெண்களில் பாதிப்பேர் கறுப்பில்தான் திரிகிறார்கள். கறுப்பு ஆளை மெலிவாகக் காட்டும், ஊத்தை தெரியாது, எதனோடும் பொருந்தும். அவர்களுடைய கண்ணுக்கு மிர்லாந்தும் அப்படி உடுக்கிற இன்னொருத்தி. ஆனால் அவள் பிறந்த ஹெயிட்டியில், ஜக்மெல் பட்டினத்தில், ஒரு பெண் கறுப்போடு தெருவில் இறங்கினால் பாண் விற்கிறவன்கூட மறித்து, "ஆரை இழந்தனீ பிள்ளை?" என்று கேட்பான். துக்கக்காரி தானாகச் சொல்லிக்கொண்டு திரியமாட்டாள். காண்கிறவர்தான் கேட்கவேண்டும். அதற்குத்தானே அந்த நிறம்! பத்தொன்பது வயதில் படிக்க வந்து இருபது வருசம் இந்த ஊரில் குப்பை கொட்டியும் இந்த ஒரு விசயத்தில் மட்டும் அவளுடைய புத்தி ஜக்மெலை விட்டு நகரவில்லை.

அவளுடைய தாய் செத்தது 2004ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் கிழமையில். ஹெயிட்டியில் ஆட்சி கவிழ்ந்து விமானங்கள் நின்றுபோயிருந்த நேரம். தங்கை தொலைபேசியில் சொன்னாள். மிர்லாந்த் விமானக் கம்பனிக்குப் போன் எடுத்தாள். எப்போது பறக்கும் என்று தங்களுக்கும் தெரியாது என்றார்கள். அடக்கம் அவளில்லாமலே முடிந்துவிட்டது. போக வழியில்லாதபோது லீவு எடுத்து வீட்டிலிருந்து என்ன செய்வது? திங்கட்கிழமை கறுப்பை உடுத்துக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள். தாயின் முகம் பார்க்கவில்லை, பெட்டிக்கு ஒரு பிடி மண் போடவில்லை. தாய்க்கென்று அவள் செய்த கடமை அந்தக் கறுப்பு ஒன்றுதான்.

இரண்டு வருசம் உடுப்பேன் என்று தனக்குள் நேர்ந்துகொண்டாள். தாயும் தன்னுடைய தாய்க்கு இரண்டு வருசம் உடுத்தவள். தாய் ஒரு நிபந்தனையும் சொல்லுவாள்: இடையில் ஒருநாள் கழற்றினால் துக்கம் அன்றோடு சரி. கழற்றியதைத் திரும்ப எடுத்து உடுத்தால், வீட்டுக்கு இன்னொரு சாவைக் கூப்பிடுகிறாய். மிர்லாந்த் பல்கலைக்கழகம் போனவள். இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால் சிரித்திருப்பாள். ஆனால் அவளுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகள் இருந்தாள். மகள் இருக்கிற வீட்டில் யார்தான் அப்படிப் பரீட்சை பார்ப்பார்கள்?

அழுகை மட்டும் வரவில்லை. செத்த செய்தி வந்த அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட வாய்போல உள்ளே எல்லாம் விறைத்துப்போய்க் கிடந்தது. சாப்பிட்டாள், மகளின் பாடப் புத்தகங்களைப் பார்த்தாள், மெற்றோவில் இடம் கிடைத்தால் இருந்தாள்.

வேலை ஒரு காப்புறுதிக் கம்பனியில். தீப்பிடித்த வீடு, குழாய் வெடித்த வீடு, பனி உருகித் தண்ணீர் ஏறிய வீடு என்று நேரில் போய்ச் சேதம் பார்த்து எழுதுகிற உத்தியோகம். பதினொரு வருச அனுபவம். சுவரில் மூக்கை வைத்தே பூஞ்சணம் எத்தனை நாளையது என்று சொல்லிவிடுவாள். நான்கு பேருக்குத் தொழில் பழக்கினாள். அதில் இரண்டு பேர் இப்போது அவளுக்கு மேலே. பெரியவர்களாகிய பிறகும் கடினமான கோப்பு வந்தால் அவளுடைய மேசைக்குத்தான் ஓடிவருவார்கள்.

2005 ஏப்ரலில் மொன்றியலின் மேற்குப்பக்கத்தில், கர்க்லாண்டில் ஒரு வீடு. பேஸ்மென்ற் என்கிற நிலக்கீழ் அறையில் முழங்காலளவு தண்ணீர். கதவைத் திறந்த வெள்ளைக்காரப் பெண் மிர்லாந்தின் கறுத்த தோலை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கிளீனிங் ஆக்கள் பின்கதவால வாங்கோ" என்றாள். மிர்லாந்த் அடையாள அட்டையை நீட்டினாள். அந்தப் பெண் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள், அங்கேதான் உண்மை எழுதியிருக்கிறதென்பதுபோல. பிறகு முகம் சிவந்து, தேத்தண்ணி வேண்டுமா, சாறு வேண்டுமா என்று விழுந்து விழுந்து உபசரித்தாள். முந்தியெல்லாம் இப்படியான வீட்டிலிருந்து திரும்பும்போது காருக்குள் இருந்து ஸ்டியறிங்கில் ஒரு குத்துவிடுவாள். அன்றைக்கு அதுவும் வரவில்லை. சுவரில் தண்ணீர் ஏறிய உயரத்தை அளந்து எழுதிக்கொண்டு அடுத்த விலாசத்துக்குப் போனாள்.

அடுத்த வீடு இல்-பிசார் என்ற இடத்தில். அது மன்னாரிலிருந்து வந்த தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். மெலனி என்ற பெண் கதவைத் திறந்து கீழே கூட்டிக்கொண்டு போனாள். அவளுடைய தாய் பிலோமினம்மா படியடியில் நின்றார். அவரும் கறுப்புச் சேலை. புருசன் செத்து எட்டு மாதம். மிர்லாந்தைக் கண்டதும் நனைந்த கம்பளத்தையும் மறந்து கிட்ட வந்து தமிழில் என்னவோ கேட்டார்.

மெலனிக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. "அம்மா, அவ ஒபிஸ் அலுவலா வந்தவ. இப்படியெல்லாம் கேக்கக் கூடாது."

"நீ சும்மா இரு. நான் கேட்டதை அப்பிடியே பிரெஞ்சில சொல்லு."

மெலனி சொன்னாள்: "மன்னிச்சுக்கொள்ளுங்கோ மடம். ஆருக்காகக் கறுப்பு உடுத்திருக்கிறீங்கள் எண்டு அம்மா கேக்கிறா."

மிர்லாந்தின் கையில் இருந்த பேனை நின்றது. பதினொரு வருசத்தில் எத்தனையோ பேஸ்மென்றுகளில் எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

"அம்மாவுக்கு," என்றாள்.

பிலோமினம்மா தலையை ஆட்டினார். மேலே போய்த் தேத்தண்ணியும் இரண்டு துண்டு கேக்கும் கொண்டுவந்து நீட்டிவிட்டு, அவள் குடித்து முடியும்வரைக்கும் பக்கத்திலேயே நின்றார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் கார் எடுத்து வெளிக்கிட்ட பிறகு, கேட்கத் தெரிந்தவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள் என்று மிர்லாந்த் நினைத்தாள்.

அந்த மாதக் கடைசியில் மேற்குப்பக்கக் குழுவுக்குத் தலைவி வேண்டுமென்று கம்பனியில் அறிவித்தார்கள். மிர்லாந்த் முன்னரும் ஒருதரம் கேட்டவள். அடுத்தமுறை பார்ப்போம் என்றார்கள். இந்தமுறையும் விண்ணப்பம் போட்டாள். இதுவும் தவறினால் இனி அவளைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வருகிற புதியவருக்கும் அவளே தொழில் பழக்கி, அவருக்குக் கீழேயே காலந்தள்ளவேண்டும்.

இதற்கிடையில் கம்பனிக்காரருக்கு ஒரு ஞானம் பிறந்து, ஊழியர்களின் தோற்றத்தைத் திருத்த ஒரு பெண்ணை ஒருநாள் வாடகைக்குப் பிடித்தார்கள். அவள் ஒரு பெட்டி நிறைய வண்ணத் துணி கொண்டுவந்து, ஒவ்வொருத்தியின் நாடிக்குக் கீழே பிடித்துப் பார்த்து, இன்ன தோலுக்கு இன்ன நிறம் என்று தீர்ப்புச் சொன்னாள். அவளிடம் இருந்த அட்டையில் நாலு முகம், நாலும் வெள்ளை. மிர்லாந்தின் முறை வந்தபோது அட்டையையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்தாள். "உங்களுக்கு எல்லா நிறமும் பொருந்தும்" என்று சொல்லித் தப்பினாள். தப்பினவள் சும்மா போயிருக்கலாம். மிர்லாந்தின் சுருள்மயிர்ப் பின்னலைத் தொட்டு, "இதை மட்டும் ஒருக்கா நேராக்கிப் பாருங்கோவன், முகம் இளகிக் காட்டும்" என்றாள். சுற்றிநின்றவர்கள் சிரித்தார்கள். மிர்லாந்தும் சிரித்தாள், சிரிக்கவேண்டிய இடம் என்று தெரிந்தபடியால்.

நேர்முகத்துக்கு ஒரு கிழமை இருக்க, மேலாளர் ஜினெத் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். ஜினெத் கெட்ட மனுசியல்ல. மிர்லாந்துக்கு அந்த வேலை கிடைக்கவேண்டுமென்று உண்மையாகவே விரும்பியவள்.

"தொழிலில உன்னை அடிக்க ஆளில்லை. அது நேர்முகம் எடுக்கிறவைக்கும் தெரியும். ஆனா நீ எப்பவும் ஒரு கனத்த முகத்தோட இருக்கிறாய் எண்டு ஒரு கதை இருக்குது. கோபக்காரி எண்டும் சொல்லுகினம். சனத்தைச் சிரிப்பிச்சுக் கொண்டுபோறவள்தான் தலைவியா வரவேணுமாம்."

"நான் ஆரோடயும் கோவிச்சதில்லை மடம்."

"எனக்குத் தெரியும். இந்தக் கறுப்புத்தான் பிரச்சினை எண்டு நினைக்கிறன். ஒருநாள், அந்த ஒரேயொரு நாள், வேற நிறத்தில ஏதும் போட்டுக்கொண்டு வாவன். ஒருநாள்தானே!"

மிர்லாந்த் காத்திருந்தாள். இப்போது கேட்பாள் என்று நினைத்தாள். கறுப்பு என்ற சொல்லே வாயில் வந்துவிட்டது, அடுத்த சொல் ஏனென்பதாகத்தானே இருக்கவேண்டும்? ஜினெத் கடிகாரத்தைப் பார்த்தாள்.

அந்த இடத்தில் தானாகச் சொல்லியிருக்கலாம் என்று யாரும் சொல்லலாம். பதினாலு மாதம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, உத்தியோகம் கேட்கிற நேரத்தில் செத்த தாயை இழுத்துக்கொண்டு வருவதா? இரக்கத்துக்குக் கையேந்துவதாக அல்லவா இருக்கும். அந்த வெட்கங்கெட்ட வேலைக்கு மிர்லாந்த் ஆளில்லை. "யோசிச்சுப் பாக்கிறன் மடம்" என்று எழும்பி வந்தாள்.

அன்று வீட்டில் கட்டிலில் இருந்து கணக்குப் பார்த்தாள். இன்னும் பத்து மாதம் இருந்தது. தாய் எட்டாவது பிள்ளையையும் பெற்றுவிட்டு மூன்றாம் நாள் சந்தைக்குப் போன மனுசி. இந்த மகளைப் படிப்பிக்கத் தன் தோட்டையும் வீட்டு ரேடியோவையும் விற்றவள். மகள் மேலே வருவதற்குத்தான் அவ்வளவும் செய்தாள். அப்படியிருக்கத் தாயுடைய துக்கத்தைத் தாயுடைய ஆசைக்கே கொடுத்தால் பிழையா? பிழை என்றும் படவில்லை, சரி என்றும் படவில்லை. ஒன்றும் படவில்லை. சனிக்கிழமை கடைக்குப் போய்க் கடல் நீலத்தில் ஒரு சட்டை வாங்கினாள். அதைப் போட்டுப் பார்த்தபோது மகள், "அம்மா, நீங்கள் சரியான வடிவு" என்று கட்டிப்பிடித்தாள்.

நேர்முகம் அருமையாகப் போனது. மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். நீலச் சட்டையைக் கண்டதும் மூன்று முகமும் மலர்ந்தன. கேட்ட கேள்விக்கெல்லாம் அவள் சரியாகப் பதில் சொன்னாள். கர்க்லாண்ட் வீட்டுக் கதையைப் பகிடியாக்கிச் சொல்லி அவர்களைச் சிரிக்கவும் வைத்தாள். தன்னுடைய குரலைத் தானே தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நல்லாய்த்தான் கதைக்கிறாள் இந்தப் பெண் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜினெத் திரும்பவும் கூப்பிட்டாள். இந்தமுறை கதவைச் சாத்தமுன்னமே கட்டிப்பிடித்துவிட்டாள்.

"கிடைச்சிட்டுது! இவ்வளவு நாளும் இவவை எங்க ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள் எண்டு என்னட்டைக் கேக்கினம். நான் சொன்னனான் எல்லே, அந்த நீலம்தான் செய்தது."

"நன்றி மடம்."

"இனி நீ தலைவி. ஒருத்தரும் வாய் திறக்கேலாது. உனக்குக் கறுப்புத்தான் விருப்பமெண்டா திங்கட்கிழமையே திரும்பப் போட்டுக்கொண்டு வா!" ஜினெத் சிரித்தாள்.

"இனிப் போடேலாது."

"ஏன்?"

பதினாலு மாதத்தில் ஜினெத் கேட்ட முதல் ஏன் அதுதான். கேட்டால் சொல்லவேண்டும், அதுதான் முறை. மிர்லாந்த் சொன்னாள்.

"அது என்ர அம்மாவுக்கு உடுத்த கறுப்பு. போன வருசம் மார்ச்சில செத்துப்போனா. பிளேன் இல்லை, நான் போகேல்லை. ரெண்டு வருசம் உடுக்க நினைச்சனான். எங்கட வீட்டில ஒருக்காக் கழட்டினா கழட்டினதுதான். திரும்ப உடுக்கிறேல்லை."

ஜினெத்தின் கை அவளுடைய தோளில் அப்படியே நின்றுவிட்டது. "கடவுளே! நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

குத்திக்காட்டச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். ஆனால் ஜினெத் கதிரையில் பொத்தென்று இருந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். ஒருநாள்தானே என்று நான் சொன்னேனே, ஒருநாள்தானே என்று சொன்னேனே என்று விக்கி விக்கி அழுதாள்.

வீடு வெள்ளத்தில் போனவர்கள் அழும்போது என்ன செய்வதென்று மிர்லாந்துக்குப் பழக்கம். கைப்பையைத் திறந்து கண் துடைக்கிற ரிசுக் கடதாசியை எடுத்து நீட்டினாள். பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். "இது ஒருத்தற்ர பிழையும் இல்லை மடம்" என்று முதுகைத் தடவிவிட்டாள். தனக்கும் அழுகை வருமாக்கும் என்று கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. செத்துப்போன அந்த மனுசிக்காக மொன்றியலில் முதன்முதல் அழுதது ஜினெத்தான்.