ஒரு வருடத்தில் டாக்டர் படிப்புக்கு மாறலாம் என்றார்கள்

எங்களுக்குக் கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் முந்திரி விவசாயம். டாக்டராக வேண்டும் என்பது என் மகள் பிருந்தாவின் சிறுவயது ஆசை. நீட் தேர்வில் அவள் எடுத்த மதிப்பெண்ணுக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்கவில்லை. சரியாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள்.

உறவினர் ஒருவர் சொல்லி, பெரம்பலூர் வழியாக வெளியூரிலுள்ள ஒரு தனியார் கல்லூரிக்குப் போனோம். "லேப் டெக்னீஷியன் படிப்புல சேருங்கம்மா. ஒரு வருஷம் போனா அப்படியே எம்.பி.பி.எஸ்.க்கு மாறிக்கலாம்" என்றார் அலுவலகத்தில் இருந்தவர்.

பிருந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சேந்துடறேம்மா." அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

சான்றிதழ்களை ஜெராக்ஸ் எடுக்க வெளியே வந்தோம். கடையில் வெள்ளைக் கோட்டுடன் ஒரு மாணவி நின்றிருந்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் அதே கல்லூரியின் பெயரும் லேப் டெக்னீஷியன் படிப்பும் இருந்தன. பிருந்தா ஆசையோடு, "அக்கா, நீங்க எப்ப எம்.பி.பி.எஸ்.க்கு மாறுவீங்க?" என்று கேட்டாள்.

அந்தப் பெண்ணுக்கு முகம் மாறிவிட்டது. "என்கிட்டயும் அப்படித்தாம்மா சொன்னாங்க. அதுக்கு வழியே கெடையாது. திரும்ப நீட் எழுதித்தான் போவணும். இது நல்ல படிப்புதான். ஆனா டாக்டராவலாம்னு நம்பி சேராத."

மறுபடி கல்லூரிக்குள் போகாமலே ஊர் திரும்பினோம். இப்போது பிருந்தா அரியலூரில் விலங்கியல் படித்துக்கொண்டே மறுபடி நீட்டுக்குத் தயாராகிறாள். தெரிந்தவர்கள் கல்லூரி பார்க்கக் கிளம்பினால், அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் முதலில் பேசச் சொல்கிறேன்.

அவளோடு பஸ்ஸில் போனால் ஜன்னலோர இடத்தை அவளுக்கே விட்டுவிடுகிறேன். அரியலூர் மருத்துவக் கல்லூரி கண்ணுக்கு மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டே வருவாள்.