ஜூஸருக்குள் இருந்த பஞ்சு

நகரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மிக்ஸி ரிப்பேர் செய்யும் அந்த மனிதருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். எந்தச் சாமானைக் கொண்டுபோனாலும் அடிமூடியைக் கழற்றி, உள்ளே வாயால் ஊதித்தான் வேலையை ஆரம்பிப்பார்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு பவர்லூம் ஓடுகிறது, அதை ஒட்டியே சமையல். மிக்ஸி நின்றுபோனதால் எடுத்துப்போனேன். எப்போதோ நின்றுபோன ஜூஸரையும் கூடவே தூக்கிக்கொண்டேன்.

மிக்ஸியைச் சரிசெய்துவிட்டு ஜூஸரைத் திறந்து ஊதினார். முதலில் பச்சையும் பிறகு சிவப்புமாகப் பஞ்சு பறந்தது.

"சிவப்பு சேல எப்பம்மா ஓட்டினீங்க?"

"போன தீபாவளிக்கு."

"அடியில அந்தச் செவப்பு அப்படியே கெடக்குது, அப்போலேர்ந்து இத தொடவேயில்ல. இன்னாத்துக்கு வாங்கினீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "வீட்டுக்காரருக்கு இருமல்ணா. ஜூஸ் குடிச்சா ஒடம்பு தேறும்னாங்க. ரெண்டு நாள் குடிச்சாரு."

அவர் பஞ்சைக் காகிதத்தில் கூட்டி என் முன்னால் வைத்தார்.

"மூடி போட்ட மிஷினுக்குள்ளயே இவ்ளோ பூந்துக்கினு இருக்குது. இத ரிப்பேர் பண்ண வேணாம்மா. தறிக்கும் சமையலுக்கும் நடுவுல ஒரு கதவு போடுங்க. துன்னும்போதும் தூங்கும்போதுமாச்சும் அவரு நல்ல காத்த இழுக்கட்டும்."

கதவு போட்டோம். இருமல் கொஞ்சம் தணிந்திருக்கிறது.

அன்று நான் கிளம்பும்போது அவர் அடுத்த மிக்ஸியைக் கழற்றி ஊதினார். ஊதிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினார். அவருக்கு யாராவது எதையாவது சொல்லியிருப்பார்களா, தெரியவில்லை. நான் சொல்லவில்லை.